ஸ்டாஃப் ஆகலாமா, ஓ.டி.யோடு இருந்துவிடலாமா?

கேள்வி, 2024 ஏப்ரல் 13 (ராயக்கோட்டையிலிருந்து ஒரு தம்பி)

அண்ணா, டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்துவிட்டு ஓசூர் சிப்காட்டில் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் மெஷின் ஷாப்பில் இருக்கிறேன். பர்மனென்ட் ஆகிவிட்டது. பிடித்தம் போகுமுன் 30,000. மாதம் 16 மணி நேரம் போல ஓ.டி. (ஓவர்டைம், கூடுதல் நேர வேலை) கிடைக்கும். இப்போது ஸ்டாஃப் கேடருக்கு, அதாவது மேற்பார்வை பார்க்கிற பதவிக்கு, கூப்பிடுகிறார்கள். லைன் சூப்பர்வைசர், 38,000. அப்பா “மெஷினிலிருந்து மேலே போகிற வாய்ப்பு, விடாதே” என்கிறார். யூனியன் அண்ணன்கள் “போகாதே, சிக்கிக்கொள்வாய்” என்கிறார்கள். நீங்கள் அந்தப் பக்கம் போனவர். என்ன செய்யட்டும்?

ஏப்ரல் 14, இரவு

தம்பி, அப்பாவையும் யூனியன்காரர்களையும் கொஞ்ச நேரம் ஓரமாக உட்கார வைப்போம். முதலில் கணக்கு.

மாதம் 26 நாள், நாளுக்கு 8 மணி நேரம், ஆக 208. 30,000ஐ அதால் வகுத்தால் மணிக்கு 144 ரூபாய். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 59ஆம் பிரிவு, 2024 நிலவரப்படி: நாளில் 9 மணி நேரமோ வாரத்தில் 48 மணி நேரமோ தாண்டினால் இரட்டைச் சம்பளம். அப்படியென்றால் ஓ.டி. மணிக்கு 288. 16 மணிக்கு 4,600 சொச்சம். ஆக நீ இப்போதே 34,600 வாங்குகிறாய். ஸ்டாஃப் ஆனால் ஓ.டி. கிடையாது என்று உன் கடிதத்தில் கட்டாயம் இருக்கும். கூடப்போவது 8,000 இல்லை, 3,400.

அப்புறம் நேரம். உங்கள் லைன் சூப்பர்வைசர் எப்போது வருகிறார், எப்போது போகிறார் என்று ஒரு வாரம் பார். கேட்காதே, பார். கேட்டால் எட்டு மணி நேரம் என்றுதான் சொல்வார். ஷிஃப்டுக்கு அரை மணி முன்னால் வந்து முந்தின ஷிஃப்டின் நிலவரம் வாங்க வேண்டும். முடிந்த பிறகு அடுத்தவரிடம் ஒப்படைக்க வேண்டும், ரிஜெக்‌ஷன் கணக்கு அனுப்ப வேண்டும், மேலே இருப்பவர் எப்போது கூப்பிடுகிறாரோ அந்த மீட்டிங்கில் நிற்க வேண்டும். 11 மணி நேரம் என்று வைத்துக்கொள். மாதம் 286. 38,000ஐ வகுத்தால் மணிக்கு 133. இப்போது உனக்கு ஓ.டி.யோடு 224 மணிக்கு 34,600, அதாவது மணிக்கு 154.

பதவி ஏறுகிறது, மணிக்கூலி 20 ரூபாய்க்கு மேல் இறங்குகிறது. உடனே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடாதே. இன்னும் நிறைய இருக்கிறது.

ஏப்ரல் 15

பாலக்கோட்டு நண்பர் ஒருவர்: “எங்கள் கம்பெனியில் அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் மட்டும் எடுத்துத்தான் ஓ.டி. போடுகிறார்கள். முழு 30,000ஐ எடுத்து நீங்கள் போட்ட கணக்கு தொழிலாளியின் கனவுக் கணக்கு.”

பல இடத்தில் அப்படித்தான். சட்டம் அடிப்படைச் சம்பளத்தோடு படிகளையும் சேர்க்கிறது, போனஸை விலக்குகிறது. எந்தப் படி சேரும், எது சேராது என்பதில்தான் கோர்ட்டும் வக்கீலும். சரி, நண்பர் சொன்னபடியே போடுவோம். அடிப்படையும் பஞ்சப்படியும் 18,000 என்றால் ஓ.டி. மணிக்கு 173. மாதம் 2,770. மொத்தம் 32,770, மணிக்கு 146. அப்போதும் 133க்கு மேலேதான் நிற்கிறது.

இன்னொன்றும் சொல்கிறார், அது முக்கியம். காலாண்டுக்கு 50 மணி நேரம்தான் ஓ.டி. என்று அதே 1948 சட்டத்தில் வரம்பு. சிறப்பு அனுமதி வாங்கினால் 75. நீ சொன்ன 16 அந்த 50க்குள் கச்சிதமாக உட்கார்கிறது. ஆனால் அது உன் உரிமை இல்லை, கம்பெனியின் தேவை. ஆர்டர் குறைந்தால் முதலில் வெட்டுவது ஓ.டி.யைத்தான். வண்டிச் சந்தை படுத்த மாதங்களில் ஓ.டி.யே இல்லாமல் நாங்கள் பார்த்திருக்கிறோம். அந்த 2,770ஐ நம்பி இ.எம்.ஐ. போட்டவர்கள் பட்ட பாட்டையும் பார்த்திருக்கிறோம்.

ஏப்ரல் 16

“மணிக்கூலி பார்த்தால் கலெக்டர் வேலையே கட்டுப்படியாகாது” என்று ஒருவர். ஆகாதுதான். ஆனால் கலெக்டருக்கு வண்டி உண்டு. நமக்குக் கம்பெனி பஸ். அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

ஏப்ரல் 19

ஓட்டுப் போட்டுவிட்டு வந்தாயிற்று. சம்பளத்தோடு விடுமுறை என்று பேர், வரிசையில் நிற்கும்போதே பிளான்ட்டிலிருந்து போன். கம்ப்ரஸர் நின்றுவிட்டதாம். எனக்கு முன்னால் நின்றவர் எங்கள் கம்பெனி ஒர்க்மேன், அதாவது ஸ்டாஃப் ஆகாத தொழிலாளி. திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை அவருக்கு வாங்கிக் கொடுத்தது யூனியன்.

பஸ். நான் ஒர்க்மேனாக இருந்தபோது காவேரிப்பட்டணத்தில் ஏறினால் தூக்கம், சிப்காட்டில் விழிப்பு. சைரன் அடித்தால் கையைக் கழுவிக்கொண்டு ஓட்டம். பஸ் யாருக்காகவும் நிற்காது, அதனாலேயே எங்களையும் யாரும் நிறுத்திவைக்க முடியாது. “சார், பஸ் போய்விடும்” என்ற ஒரு வாக்கியத்துக்கு எந்த மேனேஜரிடமும் பதில் இருக்காது.

ஸ்டாஃப் ஆன கொஞ்ச நாளிலேயே பஸ்ஸை விட ஆரம்பித்தேன். கஸ்டமர் ஆடிட், லைன் பிரேக்டவுன், ஏதோ ஒன்று. கம்பெனியிலிருந்து ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்கு யார் வண்டியிலாவது தொற்றிக்கொண்டு போய், கிருஷ்ணகிரி பஸ் பிடித்து, சூளகிரியில் லாரிகளுக்கு நடுவில் நின்று நின்று, கிருஷ்ணகிரியில் இறங்கினால் ஊர் பஸ் போயிருக்கும். பிறகு பைக். பைக்கில் மழையில் நனைந்து காய்ச்சலில் படுத்ததும், ஓசூரிலேயே வாடகை வீடு. அந்த வாடகையும் அட்வான்ஸும் சேர்ந்து சம்பள உயர்வை அப்படியே விழுங்கின. வீட்டில் ஒரு கொல்லை நிறைய மாமரம் இருக்க, இரண்டு அறைக்குள் தண்ணீர் லாரிக்குக் காத்திருந்தோம்.

உன் ரோடு இன்னும் சுவாரசியம். ராயக்கோட்டையிலிருந்து உத்தனப்பள்ளி வழி. ஐப்பசி, கார்த்திகை வந்தால் சானமாவுக் காட்டில் யானைகள் வந்து தங்கும். ரோட்டைக் கடக்கும்போது வனத்துறை வண்டிகளை நிறுத்திவிடும். கம்பெனி பஸ்ஸுக்குள் இருந்தால் அது வேடிக்கை. ராத்திரி பத்து மணிக்குத் தனியாக பைக்கில் வருபவனுக்கு வேடிக்கையா?

எச்.ஆரிடம் முதலில் இதைக் கேள். பஸ் போன பிறகு நிறுத்திவைத்தால் வீட்டுக்கு வண்டி உண்டா?

ஏப்ரல் 28

இரண்டு வாரமாக நான் ஒரு பக்கத்துக்கே பேசுவதாகத் தர்மபுரியில் கணக்குத் தணிக்கை பார்க்கும் நண்பர் குறைப்பட்டுக்கொண்டார். அவர் பக்கத்தில் நிறைய நியாயம் இருக்கிறது.

ஓ.டி. பணம் அன்றைக்கு வந்து அன்றைக்கே போவது. அதற்கு பி.எஃப். கிடையாது, வேலையை விடும்போது கிடைக்கிற கிராஜுவிட்டிக் கணக்கிலும் சேராது. அடிப்படைச் சம்பளம் அப்படி இல்லை. கிராஜுவிட்டி எப்படிப் போடுகிறார்கள் தெரியுமா? கடைசியாக வாங்கிய அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, எத்தனை வருடமோ அத்தனையால் பெருக்க வேண்டும். 18,000 என்றால் பத்து வருடத்துக்கு 1,03,800. ஸ்டாஃபில் அது 23,000 ஆகிறது என்று வைத்தால் 1,32,700. கவனி, ஒர்க்மேனாக இருந்த வருடங்களுக்கும் சேர்த்து இந்தப் புதிய தொகைதான். ஏறின அடிப்படை பின்னோக்கியும் வேலை செய்யும்.

பி.எஃபில் உன் பங்கு 12 சதவீதம். 5,000 கூடினால் மாதம் 600 அதிகம், கம்பெனியும் அவ்வளவே போடும். ஆனால் 15,000 உச்சவரம்போடு நிறுத்துகிற கம்பெனி என்றால் இரண்டு பதவியிலும் மாதம் 1,800தான். உன் சம்பளச் சீட்டை எடுத்துப் பார்.

பாங்கிலும் இதே கதை. வீட்டுக் கடனுக்குப் போனால் மேனேஜர் நிலையான சம்பளத்தைத்தான் தேடுவார்.

இதெல்லாம் ஏறும் பக்கம். இறங்கும் பக்கம் ஒன்றை நண்பர் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தில், 2024 நிலவரப்படி, மேற்பார்வை வேலை பார்த்து மாதம் 10,000க்கு மேல் வாங்குபவர் ‘ஒர்க்மேன்’ இல்லை. 2010 வரை அந்த வரம்பு 1,600 ரூபாயாக இருந்தது. சூப்பர்வைசர் என்று பேர் மட்டும் போட்டுவிட்டு மெஷின் ஓட்ட விட்டால், கோர்ட் பேரைப் பார்க்காது, செய்த வேலையைத்தான் பார்க்கும். ஆனால் அதற்கு நீ கோர்ட்டுக்குப் போக வேண்டும். ஒர்க்மேனை அனுப்புவதென்றால் விசாரணை, யூனியன், தொழிலாளர் துறை என்று வழி நீளம். ஸ்டாஃபை அனுப்ப ஒரு அறை, ஒரு கடிதம், பக்கத்தில் ஒரு எச்.ஆர். போதும்.

பிறகு செட்டில்மென்ட். மூன்று, நான்கு வருடத்துக்கு ஒரு தடவை யூனியன் உட்கார்ந்து பேசி வாங்குகிற உயர்வு ஸ்டாஃபுக்கு வராது. எங்களுக்கு அப்ரைசல், மேலே இருப்பவர் போடுகிற மதிப்பீடு. இரண்டு செட்டில்மென்ட் தாண்டினால் சீனியர் ஆபரேட்டர் தன் சூப்பர்வைசரைவிட அதிகம் வாங்குவது ஓசூரில் புதிது இல்லை. எனக்குக் கீழே இருந்த ஒருவர் என்னைவிடப் பெரிய கார் வைத்திருந்தார். நல்ல மனிதர், மழை நாளில் ஏற்றிக்கொள்வார்.

மே 1

இன்றைக்கு இந்த விஷயம் பேசாமல் இருக்க முடியுமா. 1923இல் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடி நூறு வருடம் ஆகிவிட்டது. அந்த நூறாவது வருடத்தில், 2023 ஏப்ரல் 21ஆம் தேதி, நம் சட்டசபையில் 12 மணி நேர வேலைக்கு இடம் கொடுக்கும் திருத்தம் நிறைவேறியது. எதிர்ப்பு கிளம்பி மூன்று நாளில் நிறுத்திவைத்தார்கள், மே தினத்தன்று முதலமைச்சர் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்.

அப்போது எங்கள் கான்டீனில் ஒர்க்மேன் மேசைகள் எல்லாம் கொதித்தன. ஸ்டாஃப் மேசையில் நாங்கள் சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மேற்பார்வையில் இருப்பவர்களை வேலைநேர விதிகளிலிருந்து விலக்கிவைக்க அந்தப் பழைய தொழிற்சாலைகள் சட்டமே, 64ஆம் பிரிவில், மாநில அரசுக்கு இடம் கொடுத்திருக்கிறது. எங்களுக்கு 12 மணி நேரம் எப்போதோ வந்துவிட்டது, யாரும் திரும்பப் பெறவில்லை.

அதே வருடம் அக்டோபரில் இன்ஃபோசிஸ் நாராயணமூர்த்தி, இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். நாடே சண்டை போட்டது. 11 மணி நேரம், ஆறு நாள், 66. ஞாயிற்றுக்கிழமை போனில் நாலு மணி நேரம். லைன் சூப்பர்வைசர்கள் அவர் சொல்வதற்கு முன்பே செய்துகொண்டிருந்தார்கள். யாரும் பேட்டி எடுக்கவில்லை.

மே 12

“நீங்கள் மட்டும் போய்விட்டு அவனைத் தடுக்கிறீர்களா?” என்று கேட்டிருக்கிறார் ஒருவர். தடுக்கவில்லை. நான் எங்கே போனேன், எங்கே நின்றேன் என்று சொன்னால் புரியும்.

ஸ்டாஃபில் ஏறி சீனியர் இன்ஜினீயர் வரை வந்தேன். அடுத்தது மேனேஜர். ஆனால் புனே பிளான்ட்டில். சம்பளம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு, வீடு கம்பெனி பார்த்துத் தரும். அப்பாவுக்கு அப்போதுதான் பக்கவாதம் வந்து ஒரு கை விழுந்திருந்தது. மாங்காய் அறுப்பு நேரம். பெங்களூரா காய் கொல்லையில் தொங்குகிறது, மண்டிக்காரர்கள் விலையைத் தினம் ஒரு பேச்சாகப் பேசுகிறார்கள், கூழ் ஆலைக்காரர்கள் இன்னொரு விலை. வரமாட்டேன் என்று எழுதிக் கொடுத்தேன். எழுதியபோது பெரிய தியாகம் செய்கிற நினைப்பு இருந்தது என்பதை மறைக்கவில்லை.

அதன் பிறகு நடந்ததைத்தான் யாரும் சொல்வதில்லை. ஒரு தடவை வேண்டாம் என்றால், அடுத்த தடவை கேட்க மாட்டார்கள். என்னிடம் டிரெய்னியாக வந்து, காலிப்பர் பிடிக்க என்னிடம் கற்றுக்கொண்ட பையன் புனே போனான், திரும்பி வந்தான், இப்போது என் லீவுக்கு அவன்தான் கையெழுத்துப் போடுகிறான். நல்ல பையன். “அண்ணா” என்றுதான் கூப்பிடுவான். மீட்டிங்கில் மட்டும் பேர் சொல்லி ‘ஜி’ சேர்ப்பான். அந்த ‘ஜி’ கொஞ்ச நாள் உறுத்தியது. இப்போதும் அப்ரைசல் மாதத்தில் உறுத்தும்.

அதற்கு ஈடாக வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு ஊருக்கே வந்துவிட்டோம். காரில் நாலு பேர் பங்கு போட்டுப் போய் வருகிறோம். அப்பா போகும் வரை ராத்திரிக் களியை நான்தான் ஊட்டினேன். இதை எந்த மணிக்கூலியில் வகுப்பது?

மே 13

நேற்று எழுதியதில் கடைசி வரி கொஞ்சம் சினிமாத்தனமாக இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான், விட்டுவிடுகிறேன். இந்த வருடம் வெயிலில் எங்கள் கொல்லையில் பிஞ்சு அத்தனையும் உதிர்ந்துவிட்டது. ஆக இந்த வருடக் கணக்குப்படி புனேதான் சரி.

மே 26

வீட்டில் இதையெல்லாம் படித்துவிட்டார்கள். காவேரிப்பட்டணத்தில் என் மனைவி தையல் வைத்திருக்கிறாள். கேட்ட கேள்வி இது: “எல்லாருக்கும் மணிக்கூலி போட்டீங்களே, அதுல என் மணி எங்க?”

ஓசூரில் நான் ராத்திரி பதினோரு மணிக்கு வந்த வருடங்களில் பிள்ளைகளின் பள்ளிக்கூடம், காய்ச்சல், காஸ் சிலிண்டர் எல்லாம் அவள் தலையில். வாரக்கடைசியில் ஊருக்கு வந்து மாமனாரையும் கொல்லையில் கூலியாட்களையும் பார்த்ததும் அவள்தான். தீபாவளி, பொங்கல் நேரத்தில் பிளவுஸ் துணிகளைத் தைக்க முடியாமல் திருப்பி அனுப்பினாள். அந்தக் கூலியை என் சம்பள உயர்விலிருந்து கழிக்க வேண்டும் என்கிறாள். கழித்தால் என்ன மிஞ்சும் என்று நான் கேட்கவில்லை. தெரியும்.

இன்னொன்றும் சொன்னாள். “ஊருக்கு வந்த பிறகு சீக்கிரம் வர்றீங்க, சரி. வந்து என்ன பண்றீங்க? டீ கேக்கறீங்க.”

தம்பி, ஆவணியில் உனக்குக் கல்யாணம், பெண்ணும் ஓசூரில் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் ஷிஃப்டுக்குப் போகிறவர் என்று நடுவில் எழுதியிருந்தாய். கேள்வியிலேயே அதை எழுதாமல் விட்டாயே. பெண்களை ராத்திரி ஷிஃப்டில் போடக் கூடாது என்ற பிரிவை 2000த்தில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது, பாதுகாப்பும் போக்குவரத்தும் தர வேண்டும் என்ற நிபந்தனைகளோடு. ஆக அவருக்கும் நைட் வரலாம். உன் சுழற்சியும் அவர் சுழற்சியும் ஒத்துவருகிற வாரம் மாதத்தில் எத்தனை? ஒர்க்மேனாக இருந்தால் தாளில் எழுதிப் பார்த்துச் சொல்லலாம். சூப்பர்வைசர் ஆனால் எழுத முடியாது. அப்பாவிடமும் யூனியனிடமும் என்னிடமும் கேட்டாய். அவரிடம் கேட்டாயா?

ஜூன் 9

பேச்சு பெங்களூருக்குப் போய்விட்டது. “ஏன் ஓசூரில் கிடந்து அல்லாட வேண்டும், எலக்ட்ரானிக் சிட்டி பக்கம்தானே” என்று மூன்று நாலு பேர்.

பக்கம்தான். அத்திப்பள்ளி தாண்டினால் கர்நாடகா. சம்பளம் கூட. கர்நாடகத் தொழில் வரி மாதாமாதம் பிடிப்பார்கள், அது பெரிய விஷயம் இல்லை. பெரிய விஷயம் ரோடு. திங்கள் காலை அத்திப்பள்ளியில் நின்று பார்த்தவனுக்குத் தெரியும், கிலோமீட்டரை எண்ணிப் பிரயோஜனமில்லை. தர்மபுரி, ராயக்கோட்டை, ஓசூர் வழி ரயில் இருக்கிறது, அது வேலை நேரத்துக்கு ஒத்துவந்தால் நீ அதிர்ஷ்டசாலி. கிருஷ்ணகிரிக்காரனுக்கு அதுவும் இல்லை. மாவட்டத் தலைநகர், 2004இல் தனி மாவட்டம் ஆனது, இன்னும் ரயில் நிலையம் கிடையாது. ஒவ்வொரு தேர்தலிலும் ரயில் வரும், ஓட்டு எண்ணி முடித்ததும் போய்விடும்.

வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் கணினிக்காரர்கள் இதில் கருத்துச் சொல்வதைப் பற்றி ஒன்றும் சொல்ல விரும்பவில்லை. லேத்தை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது.

ஜூன் 23

தம்பி கொஞ்ச நாளாக ஒன்றும் எழுதவில்லை. அதற்குள் எனக்கே வேறு யோசனை வந்துவிட்டது.

இதுவரை ஒர்க்மேனுக்கு நேரம் உண்டு, ஸ்டாஃபுக்கு இல்லை என்கிற மாதிரியே எழுதிக்கொண்டு வந்தேன். முழுக்க அப்படி இல்லை. நான் மெஷினில் நின்ற காலத்தில் மூத்திரம் போக வேண்டுமென்றால்கூட ரிலீவர் வரும் வரை நிற்க வேண்டும். பெரியவள் பிறந்த செய்தி எனக்கு ஷிஃப்ட் முடிந்துதான் தெரிந்தது, உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது. ஐந்து நிமிடம் தாமதமாகப் போனால் அரை நாள் போச்சு. ஸ்டாஃப் ஆன பிறகு பாங்குக்குப் போகலாம், பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டால் ஒரு மணி நேரம் போய்விட்டு வரலாம், யாரும் கார்டைப் பார்ப்பதில்லை. ஒர்க்மேனுக்குச் சுதந்திரம் கம்பெனி கேட்டுக்கு வெளியே. ஸ்டாஃபுக்குக் கேட்டுக்கு உள்ளே. எது உனக்கு உதவும் என்பது கேட்டுக்கு வெளியே உனக்கு என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

என் பெரியப்பா மகன் ஒருவர், அதே ஓசூரில் வேறு கம்பெனியில் ஆபரேட்டர். எங்கள் பக்கம் பாரதக் கூத்து நடக்கிற காலத்தில் துரியோதனன் கட்டுவார். அவருக்கு மூன்று தடவை சூப்பர்வைசர் வேலை கொடுத்தார்கள், மூன்று தடவையும் வேண்டாம் என்றார். பங்குனி, சித்திரையில் யாரோடு ஷிஃப்ட் மாற்றிக்கொள்ளலாம் என்பது அவருக்குத் தையிலேயே தெரியும். பதினெட்டாம் நாள் மண்ணில் படுத்துக் கிடந்து எழுந்து, முகத்தில் அரிதாரம் முழுக்கப் போகாமலே செகண்ட் ஷிஃப்டுக்குப் போவார். அவருக்குச் சம்பளம் கூடவில்லை என்ற கவலையே இல்லை என்று சொல்லமாட்டேன். உண்டு. மகளுக்கு நர்சிங் ஃபீஸ் கட்டும்போது என்னிடம்தான் வாங்கினார். ஆனால் அவர் வேண்டாம் என்று சொன்னபோது எதற்காகச் சொல்கிறார் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

எனக்கு அப்பா இருந்தவரை தெரிந்திருந்தது. அப்பா போன பிறகு மிஞ்சிய சாயங்காலங்களில் பாதி கைப்பேசியில் போகிறது. இதற்கா புனேயை விட்டேன் என்று சில நாள் தோன்றும். சில நாள் தோன்றாது, ஏனென்றால் தூங்கிவிடுவேன்.

தம்பியின் வெளியில் என்ன இருக்கிறது? கல்யாணம் வருகிறது. தக்காளி போடுகிற நிலம் இருக்கிறது என்றான். அதை அவன் பார்க்கப் போகிறானா, குத்தகைக்கு விடப் போகிறானா?

ஜூன் 25

“அவன் கேட்டது ஆமா, இல்லையா. நீங்கள் கேள்வியாகத் திருப்பிக் கொடுக்கிறீர்கள்” என்று பாலக்கோட்டு நண்பர்.

சரி. இன்றைக்கு நிற்கிற நிலவரத்தில், இந்தச் சம்பளத்துக்கு வேண்டாம். ஓ.டி. போவதையும் பஸ் போவதையும் ஈடுகட்ட 38,000 போதாது. 44,000 என்றால் மணிக்கு 154 வரும், இப்போது அவன் வாங்குவதற்குச் சமம். அதற்குக் கீழே எதுவும் பதவி உயர்வு இல்லை, இடமாற்றம்.

ஜூலை 7

தம்பி வந்துவிட்டான். நடந்தது இது. எச்.ஆரிடம் போய் வண்டி கேட்டான். பஸ் நேரத்துக்குப் பிறகு நிறுத்தினால் உத்தனப்பள்ளி வழி ஒரு வாகனம் உண்டு, வேறு மூன்று பேரோடு பங்கு, என்று சொல்லியிருக்கிறார்கள். சம்பளத்தை 44,000க்கு ஏற்ற மறுத்துவிட்டார்கள். 41,000. பெண்ணிடமும் கேட்டிருக்கிறான். அவர் சொன்ன பதில்: “நைட் ஷிஃப்ட் இல்லாத லைன் கொடுத்தால் போங்க.” நாங்கள் யாரும் இரண்டு மாதமாக யோசிக்காத விஷயம். லைன் சூப்பர்வைசரில் ஜெனரல் ஷிஃப்ட், அதாவது பகல் வேலை, மட்டும் ஓடுகிற லைன் ஒன்று அவன் பிளான்ட்டிலேயே இருக்கிறதாம், அசெம்பிளி பக்கம். அதைக் கேட்டிருக்கிறான், பார்க்கலாம் என்றிருக்கிறார்கள். நிலம் சித்தப்பாவுக்குக் குத்தகை. போவதாக முடிவு.

நான் போட்ட கணக்குப்படி 41,000 என்பது மணிக்கு 143. இப்போது வாங்குவதைவிடக் குறைவு. ஆனால் பாலக்கோட்டு நண்பர் சொன்ன முறைப்படி இப்போதைய 146க்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது, ராத்திரிகள் கைக்கு வருகின்றன, அடிப்படையும் ஏறுகிறது. சரி, போகட்டும். ஜெனரல் ஷிஃப்ட் லைன் என்பது மட்டும் வாய்ப்பேச்சாக இருக்கக் கூடாது, கடிதத்தில் லைன் பேர் வர வேண்டும்.

ஒன்று கேட்க மறந்திருப்பாய். உங்கள் யூனியன் செட்டில்மென்ட் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது என்றாய். பழைய ஒப்பந்தம் முடிந்த தேதியிலிருந்து முன்தேதியிட்டுத்தான் வழக்கமாகக் கையெழுத்தாகும். அதற்குள் நீ ஸ்டாஃபில் சேர்ந்துவிட்டால், ஒர்க்மேனாக இருந்த மாதங்களுக்கான அரியர்ஸ் (நிலுவைப் பணம்) உனக்கு உண்டா என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடு. ஸ்டாஃபுக்கு அரியர்ஸ் இல்லை என்று பிறகு சொன்னால் அந்தப் பணத்துக்கு நீ யாரிடமும் போக முடியாது. முடிந்தால் செட்டில்மென்ட் முடியும் வரை சேரும் தேதியைத் தள்ளிப் போடு. ஆவணிக் கல்யாணத்தைக் காரணமாகச் சொல், யாரும் மறுக்க மாட்டார்கள்.